பத்தாவது ஆள்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்று பெரியோர்கள் கணக்குச் சொல்வார்கள். அண்மையில் அந்தப் படிகளை ஏறி இறங்கி, முழங்கால் வலியையும் முருகன் அருளையும் ஒருங்கே பெற்றுக்கொண்டு, மேற்கே போகும் பஸ்ஸில் ஏறி ஆர்.கே.பேட்டை போய்ச் சேர்ந்தேன். இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்று முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் நிறுத்தம் தாண்டிவிடும் என்று பயந்தோ என்னவோ, ஊரார் அதை இப்படிச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்னால் காது வேலை செய்யத் தொடங்குகிறது. வீதிக்கு வீதி தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒரே மூச்சில் பாதி தமிழும் பாதி தெலுங்குமாக ஜனங்கள் பேசிக்கொள்கிறார்கள். இதில் வியப்பில்லை. இந்தப் பிரதேசம் 1960-ஆம் வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு தேசப்படத்தில் இருக்கிறது. நூலும் துணியும் அதைப் பார்த்து நிற்பதில்லை. கூலிக்கு வருகிறவர்களும் நிற்பதில்லை.

அந்த ஊரில் என் நண்பர் ஒருவர் விசைத்தறிக் கொட்டகை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். வேலையாட்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் ஆளாய்ப் போய் மொய் எழுதுகிறவர். கொட்டகையைச் சுற்றிக் காட்டினார்.

"எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"ஒன்பது பேர்."

"வேலை மலைபோல் குவிந்திருக்கிறதே! இன்னும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?"

நண்பர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! பத்தாவது ஆள் வந்தால், அவன் பின்னாலேயே ஈ.எஸ்.ஐ.யும் வந்து சேருமே!"

கொட்டகை மூலையில் ஒரு தறி மட்டும் ஓடாமல் நின்றது. அதைப் பற்றி விசாரித்தேன். அந்தத் தறிக்காரருக்கு மஞ்சள் காமாலையாம். இரண்டு மாதமாய்ப் படுக்கை. வைத்தியத்துக்கும் வீட்டுச் செலவுக்குமாக நண்பர் 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார்.

"தாராளமான மனசு உங்களுக்கு" என்றேன்.

"மனசு இருக்கட்டும். அவன் எழுந்து வந்தால் வாரா வாரம் கூலியில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். எத்தனை வருஷம் ஆகுமோ!" என்று பெருமூச்சு விட்டார்.

இந்தப் பெருமூச்சில் இருவர் துன்பம் அடங்கியிருக்கிறது. முதலாளிக்கு முப்பதாயிரம் முடங்கிவிட்டது. தொழிலாளிக்கோ, உடம்பு தேறினாலும் கடன் தேறாது; அந்தக் கடன் தீருகிற வரையில் வேறு தறிக்குப் போகவும் வழியில்லை. நோய் போய் முன்பணம் நிற்கிறது. இருவரும் நல்லவர்களாயிருந்தும் இருவரும் கெட்டுப் போகிறார்களே, இது ஏன் என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். யோசித்ததை நேயர்களிடம் சொல்கிறேன். கடையோ, பட்டறையோ, அச்சகமோ, சிற்றுண்டிச்சாலையோ வைத்து நாலு பேருக்குக் கூலி கொடுக்கிற வீடுகள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் உண்டு அல்லவா?

* * *

வியாதி ஒரு மனிதனைப் பிடித்தால் இரண்டு பக்கமும் பறிக்கிறது. ஒன்று, வைத்தியச் செலவு. இன்னொன்று, படுத்திருக்கும் நாட்களின் கூலி. மாதச் சம்பளக்காரருக்கு லீவு உண்டு. ஆகையால் முதலாவது நஷ்டம்தான் கண்ணுக்குத் தெரியும். தறிக்கூலிக்காரருக்கோ இரண்டாவதுதான் பெரிது. நாடா ஓடினால் கூலி. நின்றால் அடுப்பும் நின்றது. இன்ஷுரன்ஸ் விஷயமாக யார் எதைச் சொன்னாலும், 'இது இரண்டு நஷ்டங்களில் எதை ஈடு செய்கிறது?' என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியை முதன் முதலில் சட்டமாகக் கேட்ட தேசம் ஜெர்மனி. 1883-இல் பிஸ்மார்க் கொண்டுவந்த வியாதி இன்ஷுரன்ஸ் சட்டத்தில் வைத்தியமும் உண்டு. படுத்திருக்கும் நாளுக்குப் பணமும் உண்டு. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. நம் தேசத்தில் பேராசிரியர் பி.பி.அதார்கர் 1944-இல் தந்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆவதற்கு முன், 1948 ஏப்ரலில், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. அரசியல் சட்டமே இன்னும் எழுதி முடியாத காலம் அது. தேசப் பிரிவினையின் புண் ஆறவில்லை, கஜானாவில் பணமில்லை. அப்படியிருந்தும் 'கூலியாளின் ஜ்வரத்துக்கு யார் பொறுப்பு?' என்ற விசாரம் அன்றைய தலைவர்களுக்கு இருந்தது. 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் ஜவாஹர்லால் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஈ.எஸ்.ஐ. என்று நாம் மூன்றெழுத்தில் அழைப்பது இதைத்தான்.

தொடக்கத்தில் 400 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கென்று இருந்த சட்டம், 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய் வரையில் விரிந்திருக்கிறது. மின்சாரம் கொண்டு இயங்கும் தொழிற்சாலையில் 20 பேர் என்றிருந்த எல்லையும் பிற்பாடு 10 ஆகக் குறைந்தது. 2025 நவம்பர் 21-ஆம் தேதியன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தபோது, இன்ன ஜில்லா, இன்ன பேட்டை என்ற பாகுபாடு ஒழிந்து, பத்துப் பேர் வேலை செய்யும் ஸ்தாபனம் தேசத்தில் எங்கிருந்தாலும் இதற்குள் அடங்கும் என்றாயிற்று.

* * *

இனி, நண்பர் காதைப் பொத்திக்கொண்ட விஷயத்தின் கணக்கைப் பார்ப்போம்.

மாதம் 15,000 ரூபாய் கூலி வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 0.75. பைசாவை ரூபாயாக உயர்த்திக் கொண்டால் முதலாளிக்கு 488 ரூபாய். தொழிலாளிக்கு 113 ரூபாய். ஒன்பது பேருக்கு முதலாளி மாதத்துக்குக் கொடுக்க வேண்டியது 4,392 ரூபாய். பத்துப் பேருக்கு 4,880 ரூபாய். நாட்கூலி சராசரி 176 ரூபாய்க்கு மேற்படாத ஏழைத் தொழிலாளி தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. முதலாளி மட்டும் தம் பங்கைச் செலுத்த வேண்டும்.

இதற்குக் கிடைப்பது என்ன? தொழிலாளிக்கும் குடும்பத்தாருக்கும் வைத்தியம்; வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. இவ்வளவு ரூபாய்க்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு இதில் கிடையாது. பெரிய சிறப்பு வைத்தியங்களுக்கு மட்டும் சில மாதச் சந்தா நிறைந்திருக்க வேண்டும். இது முதல் நஷ்டத்துக்கு மருந்து.

இரண்டாவது நஷ்டத்துக்கும் மருந்துண்டு. வியாதியாய்ப் படுத்தால் கூலியில் நூற்றுக்கு 70 வீதம், வருஷத்தில் 91 நாள் வரையில் கிடைக்கும். நீண்டகால வியாதிகள் 34-க்கு நூற்றுக்கு 80 வீதம் இரண்டு வருஷம் வரையில் உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி. வேலையில் அடிபட்டு முடங்கினால் நூற்றுக்கு 90. வேலை விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு அதே விகிதத்தில் மாதந்தோறும் உதவி. ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய்.

மூலைத் தறிக்காரரின் மஞ்சள் காமாலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாள் கூலி 500 என்றால் 70 வீதம் 350 ரூபாய். படுத்தது 60 நாள். முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. மீதி 58 நாளுக்கு 20,300 ரூபாய். வைத்தியச் செலவு தனியாகத் திட்டத்தைச் சேர்ந்தது. நண்பர் கொடுத்த முப்பதாயிரத்தில் பெரும்பகுதி தேவைப்பட்டே இராது. முக்கியமான வித்தியாசம் இன்னொன்றும் உண்டு. முன்பணம் முதலாளியின் தயவால் வருவது. திரும்பக் கொடுக்க வேண்டியது. இதுவோ தம் சந்தாவுக்குத் தொழிலாளி பெறும் பாத்தியதை. யாருக்கும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. எந்தத் தறியோடும் அவரைக் கட்டிப் போடுவதுமில்லை.

ஒரு நிபந்தனையை மறைக்கக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா சேர்ந்திருந்தால்தான், அதற்கு மூன்று மாதம் கழித்து வரும் ஆறு மாதத்தில் வியாதிப் பணம் கேட்கலாம். ஆகையால் ஜ்வரம் வந்த பிறகு பதிவு செய்ய ஓடினால் பணம் கிடைக்காது. குடை வாங்குகிறவன் கார்த்திகைக்கு முன்னே வாங்கிவிட வேண்டும்.

* * *

சட்டத்தை அனுசரிப்பதில் சிறிய முதலாளிகள் இடறி விழும் இடங்கள் சில உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, தலை எண்ணுவதில். தறியில் நிற்கிறவர்களை மட்டும் எண்ணுவது வழக்கமாயிருக்கிறது. தார் சுற்றும் பெண்மணியும், கணக்கு எழுதும் பிள்ளையும், காண்டிராக்டர் மூலமாய் வரும் மூட்டைக்காரரும் எண்ணிக்கையில் சேர்ந்தவர்களே. ஒரு முறை பத்தைத் தொட்டுவிட்டால், பிறகு எட்டாகக் குறைந்தாலும் சட்டம் விலகிப் போகாது.

இரண்டாவது, கொட்டகையைப் பிரிப்பதில். 'இந்தக் கொட்டகை என் பெயரில். அந்தக் கொட்டகை சம்சாரத்தின் பெயரில். இதில் ஆறு பேர், அதில் ஆறு பேர்' என்று சிலர் சாமர்த்தியம் செய்வதுண்டு. நிர்வாகம் ஒன்றா, பணப்பெட்டி ஒன்றா, ஆட்கள் இங்கும் அங்கும் மாறுகிறார்களா, ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்குமா என்றுதான் நியாயஸ்தலங்கள் பார்க்கின்றன. நடுவில் எழுப்பிய சுவரை அவை பார்ப்பதில்லை.

மூன்றாவது, சம்பளத்தைப் பிரிப்பதில். சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மற்றதையெல்லாம் 'படி' என்று எழுதி வைப்பது பழைய தந்திரம். புதிய சட்டத் தொகுப்பின்படி, படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதி முழுவதும் சம்பளமாகவே எண்ணப்படும். திருத்தணியில் படிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். சம்பளப் பட்டியலில் அளவோடு இருப்பது நல்லது.

நான்காவது, தேதியில். பத்துப் பேர் சேர்ந்த 15 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஒருவருடைய சம்பளம் நடுவில் 21,000-ஐத் தாண்டிவிட்டால் அன்றைக்கே அவரை நீக்கிவிடக் கூடாது. அந்தச் சந்தாக் காலம் முடிகிற வரையில் அவரும் உறுப்பினரே.

எல்லாவற்றிலும் கொடியது ஐந்தாவது. தொழிலாளியின் கூலியிலிருந்து அவர் பங்கைப் பிடித்துக்கொண்டு, அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வது. இது சிறைக்குக் கொண்டுபோய் விடக்கூடிய குற்றம். முதலாளியின் பங்கையும் தொழிலாளியின் கூலியிலேயே கழிப்பதும் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் இவற்றுக்கு நம் கிராமங்களில் வேறு பெயர் உண்டு.

பதிவே செய்யாமல் இருந்து, அந்தச் சமயத்தில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? தொழிலாளிக்குக் கழகம் உதவியைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையின் மூலதன மதிப்பை முதலாளியிடம் வசூலிக்கலாம். மாதம் 488 மிச்சம் பிடித்தவர் லட்சக் கணக்கில் எண்ணி வைக்க வேண்டி வரும்.

* * *

இது நிற்க. ஒன்பது பேரோடு நிற்கிறவர்களின் பாடு என்ன?

'ஒன்பது பேர் என்றால் எந்தச் சட்டமும் இல்லை' என்று நண்பர் நிம்மதியாயிருந்தார். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. வேலையில் நேரும் விபத்துக்கு முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1923-ஆம் வருஷத்திலேயே வந்தது. மின்சாரத்தால் இயங்கும் பட்டறையானால் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் அது பொருந்தும். அதன் சாரம் இப்போது புதிய தொகுப்புக்குள் சேர்ந்திருக்கிறது. முப்பது வயதுத் தொழிலாளி, மாதக் கூலி 15,000. தறிக்கொட்டகையில் மின்சாரம் தாக்கி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலியில் பாதியை, அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் குறித்துள்ள 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். வருகிற தொகை 15,59,850 ரூபாய்! ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு இந்தப் பொறுப்பைக் கழகம் ஏற்றுக்கொள்கிறது. சேராத ஒன்பதாள் முதலாளி தறிகளை விற்றாவது கொடுக்க வேண்டியதுதான். இந்த ஒரு பொறுப்புக்கு மட்டும் தனியாக இன்ஷுரன்ஸ் எடுத்துக்கொள்ளும் வழி உண்டு. சிறிய பட்டறைக்காரர் எதைச் செய்யாவிட்டாலும் அதையாவது செய்து வைக்க வேண்டும்.

வியாதிக்கு வருவோம். ஒன்பது பேருக்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன.

சர்க்கார் கொடுக்கும் காப்பீடு ஒன்று. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடப்பது. மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோடு இணைந்திருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் ஆஸ்பத்திரி வைத்தியம், சந்தா இல்லை. ஆனால் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. அதாவது மாதம் 10,000. நம் தறிக்காரர் 15,000 வாங்குகிறார். ஏழை என்று சர்க்கார் அட்டை கொடுக்க வருமானம் அதிகம். தொழிலாளி என்று ஈ.எஸ்.ஐ. கொடுக்கக் கொட்டகையில் ஆள் குறைவு. இரண்டுங்கெட்டான் என்பது இதுதான்! நம் சிற்றூர்களில் உழைக்கிற ஜனங்களில் எத்தனையோ பேர் இந்த இடுக்கில்தான் அகப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லை ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே ஆந்திரத்தின் அட்டை வேறு, தமிழ்நாட்டின் அட்டை வேறு. ஒரே கொட்டகையில் அடுத்தடுத்த தறியில் நிற்கும் இருவருக்கு இரண்டு ராஜ்யங்களின் திட்டங்கள். ஈ.எஸ்.ஐ. எண்ணோ தேசம் முழுவதற்கும் ஒன்றே. நகரியிலிருந்து வருகிறவரும் சோளிங்கரிலிருந்து வருகிறவரும் அதில் சமம்.

இரண்டாவது வழி, கம்பெனிகள் விற்கும் குழுக் காப்பீடு. குறைந்தது ஏழு பேர் இருந்தால் குழுவாகச் சேர்க்கலாம். ஒன்பது பேர் உள்ள நண்பருக்கு இந்த வாசல் திறந்தேயிருக்கிறது. தனி மனிதர் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள வியாதிக்கு 36 மாதம் வரையில் காத்திருக்கச் சொல்லலாம். குழுவில் முதல் நாளிலிருந்தே அதையும் சேர்த்துப் பேசி வாங்க முடியும். இது பெரிய சௌகரியம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏஜெண்டிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். பிரசவம் உண்டா? பெற்றோரைச் சேர்க்கலாமா? அறை வாடகைக்கு எல்லை எவ்வளவு? பில்லில் எத்தனை பங்கு நோயாளி கொடுக்க வேண்டும்? முன்பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி திருத்தணியிலோ, அரக்கோணத்திலோ, வேலூரிலோ உண்டா, அல்லது சென்னைக்குத்தான் ஓட வேண்டுமா? நடுவில் வேலைக்கு வருகிறவரை எப்படிச் சேர்ப்பது? வேலையை விட்டுப் போகிறவர் அதே கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாமா? இவற்றுக்கெல்லாம் பதிலை வாயால் கேட்பதோடு நில்லாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் தனி மனிதர், குடும்பம் எடுக்கும் சுகாதார பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி நீங்கிவிட்டது. குழு பாலிசிக்கு அந்தச் சலுகை வரவில்லை. நூற்றுக்கு 18 சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். பிரீமியத்தைப் பாங்கி மூலம் செலுத்தினால் தொழில் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தால் முடியாது.

ஆனால் நாம் ஆரம்பத்தில் வைத்துக்கொண்ட கேள்வியை இங்கே கேட்க வேண்டும். குழு பாலிசி எந்த நஷ்டத்தை ஈடு செய்கிறது? ஆஸ்பத்திரிச் செலவை மட்டும். படுத்திருக்கும் நாளின் கூலியைச் சாதாரணமாக அது கொடுப்பதில்லை. மாதம் 21,000-க்கு மேல் வாங்கும் மேஸ்திரிக்கும் கணக்கருக்கும் அது மிகவும் பொருத்தம். நாட்கூலிக்காரருக்கு அது பாதிக் குடைதான்.

மூன்றாவது வழிதான் பலருக்குத் தெரியாதது. பத்துப் பேருக்குக் குறைந்த ஸ்தாபனமும், முதலாளியும் தொழிலாளரில் பெரும்பான்மையோரும் சம்மதித்தால், தாமாகவே ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று புதிய தொகுப்பு சொல்லுகிறது. பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்பது பேரும் இன்றைக்கே உள்ளே வரலாம்.

ஈ.எஸ்.ஐ.யில் குறையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. மருந்தகம் தூரம், வரிசை நீளம் என்று தொழிலாளர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அரை நாள் கூலியை விட்டு மருந்துக்குப் போகிறவருக்கு அது சிறிய குறையல்ல. சிறிய ஊர்களுக்கு அருகில் மருந்தகம் வேண்டும் என்று முதலாளிகளும் தொழிலாளிகளும் சேர்ந்தே கேட்க வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் பெருகினால்தான் அந்தக் குரலுக்குப் பலம். வெளியே நின்றுகொண்டு 'உள்ளே இருட்டு' என்பதில் பயனில்லை.

* * *

சட்டம் எங்கேயாவது ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் முழு நேர ஊழியர் 50 பேருக்குக் குறைந்த முதலாளிக்கு இந்தக் கட்டாயம் இல்லை. நம் தேசத்தில் 10. கொரோனாத் தொற்றின்போது, 2020 ஏப்ரல் 15-ஆம் தேதி, வேலையைத் தொடங்கும் ஸ்தாபனங்கள் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு செய்தே ஆக வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. அந்த நாட்களில் எவரும் தலை எண்ணிக் கொண்டிருக்கவில்லை. தொற்று தணிந்தது, உத்தரவும் மறந்தது. பத்து என்பது கட்டாயம் தொடங்குகிற இடம். கடமை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டுத் தொழிலின் வரவு செலவு பெரும்பாலும் உங்கள் கைப்படவே எழுதப்படுகிறது. இன்று மாலை அந்த நோட்டைப் பிரித்து, 'முன்பணம்' என்ற பத்தியில் வியாதிக்காகக் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள். பக்கத்திலேயே, ஆளுக்கு மாதம் 488 வீதம் வருஷச் சந்தா எவ்வளவு என்றும் எழுதிப் பாருங்கள். பிறகு வீட்டு எஜமானரைக் கூப்பிட்டு இரண்டு தொகையையும் காட்டுங்கள். மேலே நான் சொன்ன சட்டங்களையெல்லாம்விட அது சீக்கிரம் வேலை செய்யும்.

நண்பருக்கும் இந்தக் கணக்கைத்தான் கடிதமாக எழுதினேன். பதில் வந்தது. மூலைத் தறிக்காரர் எழுந்து நடமாடுகிறாராம். கொட்டகையில் ஒன்பது பேரையும் உட்கார வைத்து, தமிழில் ஒரு தடவையும் தெலுங்கில் ஒரு தடவையும் விஷயத்தைச் சொன்னாராம். ஏழு பேர் சரி என்றார்கள். இருவர் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். பெரும்பான்மைக்கு ஏழு தாராளம்.

கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "தறிக்கு ஆள் தேவை. தெரிந்த பையன் யாராவது இருந்தால் அனுப்பி வையுங்கள்."